நோங்கிரியாட் விழுதுப் பாலம்: இறங்கவும் ஏறவும் ஒரு வழிகாட்டி

அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறியவர்களுக்கு 3,550 படி என்றால் என்னவென்று கால் சொல்லும். மேகாலயாவின் நோங்கிரியாட் கிராமத்துக்குப் போகும் வழியிலும் 3,000-க்கு மேல் படிகள் இருக்கின்றன. ஆனால் கணக்கு தலைகீழ். திருமலையில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம். அசந்துபோனால் திரும்பும்போது பஸ் இருக்கிறது. நோங்கிரியாட்டில் முதலில் இறக்கம். பேசிக்கொண்டே, போட்டோ எடுத்துக்கொண்டே சுலபமாக இறங்கிவிடுவோம். திரும்பி வர அதே படிகளைத் தவிர சுலபமான வேறு வழி கிடையாது. வண்டி இல்லை, ரோப் கார் இல்லை. காலையில் வந்து மாலைக்குள் திரும்ப நினைத்துப் பாதிப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

அத்தனை படி இறங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஓடையின் குறுக்கே, உயிரோடு இருக்கும் ஒரு மரத்தின் வேர்களையே பின்னி வளர்த்த பாலம். அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. இந்த மலைகளில் வாழும் காசி (Khasi) பழங்குடி மக்களின் மொழியில் இப்படிப்பட்ட பாலத்தின் பெயர் ஜிங்கியெங் ஜ்ரி. ஜிங்கியெங் என்றால் பாலம், ஜ்ரி என்பது அந்த மரம்.

மரத்தைத் தெரிந்துகொண்டு போனால் பாலம் புரியும்

ஜ்ரி நமக்கு அந்நிய மரமில்லை. சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறையில் தொட்டியில் நிற்கும் தடித்த, பளபளப்பான இலை கொண்ட ‘ரப்பர் செடி’ அதேதான். தொட்டியில் இருப்பதால் சாதுவாக இருக்கிறது. ஆல், அரசு, அத்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரம் காட்டில் ஆலைப்போலவே விழுது விடும், பாறையைக் கவ்வும். கிள்ளினால் பால் வடியும். ஒரு காலத்தில் இந்தப் பாலிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டுகிற ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்த வேறு இனம்.

ஆலமர விழுது காற்றில் தொங்கும்போது கயிறு மாதிரி மெல்லிசாக இருப்பதையும், மண்ணைத் தொட்டதும் சில ஆண்டுகளில் தூணாகப் பருத்துவிடுவதையும் நம்மூரிலேயே பார்த்திருப்போம். பாலத்தின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. ஓடைக் கரையில், பாறை இடுக்கில் வேர் பிடித்து நிற்கும் ஒரு ஜ்ரி மரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் நட்டு வளர்க்கிறார்கள். ஒரு கரையில் ஒன்று போதும். இரு கரையிலும் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஓடையின் குறுக்கே மூங்கில் சாரம் கட்டி, இளசான விழுதுகளை அதன்மேல் இழுத்துவிடுவார்கள். சில இடங்களில் பாக்கு மரத்தை நெடுக்காகப் பிளந்து, நடுவே குடைந்து, வாய்க்கால்போல் வைத்து அதற்குள் விழுதை ஓட விடுவதும் உண்டு. குடைந்த பாக்கு மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விழுது வெயிலில் காயாமல், வேறு திசையில் கிளைக்காமல் நேராகப் போகும். மழை அதிகமான அந்தப் பள்ளத்தாக்கில் மூங்கில் சில வருடங்களில் மக்கிவிடும். மக்க மக்க மாற்ற வேண்டும். ஒரு தலைமுறை மறந்துவிட்டால் பாலம் பாதியில் நின்றுபோகும்.

எதிர்க்கரை மண்ணுக்குள் விழுது இறங்கிய பிறகுதான் பருக்கத் தொடங்குகிறது. அருகருகே அழுந்திக் கிடக்கும் வேர்களின் பட்டை உரசி, காயம் ஆறும்போது இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. முடிச்சுப் போட்டுவிட்ட இடங்களில் இந்த ஒட்டு இன்னும் உறுதி. இடைவெளிகளில் தட்டைக் கற்களையும் மண்ணையும் நிரப்பினால் நடைபாதை தயார். ஆள் நம்பி நடக்கிற அளவுக்கு வர 15 முதல் 30 ஆண்டு ஆகும். அதன் பிறகு பாலம் கிழடு தட்டுவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது. அந்த ஈரத்தில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், மரப்பலகை உளுத்துப்போகும். உயிருள்ள வேர் மட்டும்தான் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது.

இது நேற்று வந்த சுற்றுலா ஏற்பாடு இல்லை. 1844-லேயே ஹென்றி யூல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தப் பாலங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 2019-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 74 பாலங்களைப் பதிவு செய்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பாலங்கள் 2022-ல் சேர்ந்தன. எந்தப் பாலத்துக்கு எத்தனை வயது என்று வழிகாட்டிகள் சொல்லும் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எழுதி வைத்தவர் யாருமில்லை. வேரில் வருட வளையம் எண்ணிப் பார்க்கவும் முடியாது.

எப்போது போகலாம்

நோங்கிரியாட்டுக்கு மேலே இருக்கும் ஊர் சோஹ்ரா. அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. சிரபுஞ்சி என்றால் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஞாபகம் வரும். இரண்டும் ஒரே ஊர். ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டருக்கு மேல்; சென்னைக்கு 1,400 சொச்சம். வங்கக்கடல் ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, திடீரென்று எழும் இந்த மலைச் சுவரில் மோதுவதால் வருகிற மழை இது. 2022 ஜூன் 17 அன்று பதிவான 24 மணி நேர மழை மட்டும் 972 மில்லிமீட்டர். சென்னையின் ஒரு வருட மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில்.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை படிகளில் பாசி வழுக்கும், அட்டை ஏறும், ஓடைகள் பொங்கும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரைதான் எங்கள் பரிந்துரை: மழை விட்டிருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும், பச்சை குறைந்திருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் ஓடை நீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நீலம் காட்டும், அருவிகள் மெலிந்திருக்கும். ஏப்ரலில் இடிமழை தொடங்கிவிடும்.

நம்மூர்க்காரர்கள் அடிக்கடி ஏமாறுகிற விஷயம் ஒன்று உண்டு: சூரியன். நாடு முழுக்க ஒரே நேரம் என்பதால் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் இந்த ஊரில் நவம்பர், டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே இருட்டு. “ஆறு மணி வரை வெளிச்சம் இருக்குமே” என்று கணக்குப் போட்டு மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினால் செல்போன் டார்ச்சில்தான் மேலே வந்து சேர வேண்டும்.

போய்ச் சேருவது

விமானமோ ரயிலோ, குவாஹாட்டிதான் வாசல். கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகக் குவாஹாட்டிக்குப் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் ரயிலிலேயே கழியும். குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் 100 கிலோமீட்டர், ஷேர் சுமோவில் மூன்று மணி நேரம். ஷில்லாங்கிலிருந்து சோஹ்ரா 54 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். சோஹ்ராவிலிருந்து படிகள் தொடங்கும் டிர்னா கிராமத்துக்கு டாக்ஸியில் அரை மணிக்குச் சற்று மேல். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் மாதிரி இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு இங்கே தேவையில்லை. அடையாள அட்டை அசல் இருந்தால் போதும்.

டிர்னாவில் இறங்கும்போதே திரும்பி வர டாக்ஸியைப் பேசி, டிரைவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வண்டிகள் காத்துக்கிடப்பதில்லை. கீழே சிக்னல் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை; அதனால் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். காசி மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பலவும் அடைத்திருக்கும், வண்டியும் குறைவு. பணம் எடுக்க சோஹ்ராதான் கடைசி இடம். கீழே தங்க, சாப்பிட, நுழைவுச் சீட்டுக்கு என்று 100, 50 ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? முடியும். ஆனால் பாலத்தைக் கூட்டத்தோடுதான் பார்ப்பீர்கள். பத்து மணி முதல் இரண்டு மணி வரை பாலத்தின்மேல் செல்ஃபி வரிசை நிற்கும். கீழேயே ஒரு ராத்திரி தங்கினால் காலை ஆறு மணிக்கு அந்த இடம் உங்களுக்கு மட்டும். கிராமத்தில் எளிமையான தங்கும் வீடுகள் இருக்கின்றன: சுத்தமான படுக்கை, சோறு, பருப்பு, காய், முட்டை. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுவோர் போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிட வேண்டும், அங்கே சமையலில் கருவாடும் பன்றி இறைச்சியும் சாதாரணம்.

மூன்று வாரத் தயாரிப்பு

ஏறுவது மூச்சை வாங்கும். இறங்குவதுதான் தசையைக் கிழிக்கும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஆகவே பயிற்சியும் இறக்கத்துக்கே.

ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்தால் 3,000 படி 150 மாடி. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 மாடி. இரண்டாம் வாரம் 40. மூன்றாம் வாரம் முதுகில் 5 கிலோ பையோடு 60. படியேறிவிட்டு லிஃப்டில் இறங்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வேண்டுமானால் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். போவதற்கு முந்தைய மூன்று நாள் ஓய்வு.

காலணி புதிதாக இருக்கக் கூடாது. முன்விரலுக்கு அரை விரற்கடை இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் ஷூவின் முனையில் ஆயிரக்கணக்கான தடவை முட்டும். நகம் கறுத்துப்போவது இதனால்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டினால் பிரச்சினை பாதி தீரும்.

பை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய பெட்டியை சோஹ்ரா விடுதியிலேயே ஒப்படைத்துவிடலாம். இறங்க ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஏற இரண்டு லிட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், மழைக்கோட்டு (குடை வேண்டாம், கை காலியாக இருக்கட்டும்), மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, போனுக்கு பிளாஸ்டிக் உறை. மழைக்காலமென்றால் துணியில் முடிந்த உப்பு. அட்டை ஏறினால் வால்பாறைப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் நெருப்பு வைக்க வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் முனையில் நகத்தைச் சரிவாக வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும். அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட ஒன்றுமில்லை.

இறக்கம்

டிர்னாவில் காலை எட்டு, எட்டரைக்குக் கிளம்புங்கள். படி தொடங்கும் இடத்தில் மூங்கில் கழி வாடகைக்குக் கிடைக்கும். கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கழியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு கால். முழங்காலை விறைப்பாக நீட்டிப் ‘தொப் தொப்’ என்று இறங்கினால் அத்தனை அதிர்ச்சியும் மூட்டில் போய் விழும். முட்டியைச் சற்று மடக்கிய நிலையில், முழுப் பாதத்தையும் படியில் பதிக்க வேண்டும். ரொம்பச் செங்குத்தான இடங்களில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவது நல்லது. சிமென்ட் படிகள்தான், ஆனால் அகலம் ஒரே சீராக இல்லை, மர நிழலில் இருப்பவற்றில் பாசி உண்டு. நடுவில் காலடி பட்டுப் பட்டுத் தேய்ந்த பகுதியில் மிதியுங்கள், ஓரத்துப் பச்சையில் அல்ல.

வழியெல்லாம் பாக்கு மரமும், மிளகுக் கொடியும், பிரிஞ்சி இலை மரமும். கூம்பு வடிவக் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமந்துகொண்டு ஊர்க்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு மலைப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் கூடை இடித்துவிடும். பெண்களைக் ‘கோங்’ என்றும் ஆண்களைப் ‘பா’ என்றும் கூப்பிட வேண்டும், நம் அக்கா, அண்ணன் மாதிரி. நன்றிக்கும் வணக்கத்துக்கும் ‘குப்ளெய்’.

யாராவது வெற்றிலை பாக்கு நீட்டினால் அது வரவேற்பு. அவர்கள் மொழியில் அதன் பெயர் க்வாய். இத்தனை க்வாய் மெல்லும் தூரம் என்று வழியை அளந்த மக்கள் இவர்கள். ஆனால் அங்கே போடுவது நம் சீவல் போலக் காய்ந்த பாக்கு அல்ல, ஈரப்பாக்கு. வீட்டில் தினம் வெற்றிலை போடுகிறவருக்கே காது சூடாகி, நெற்றி வேர்த்து, தலை கிறுகிறுக்கும். படியில் நின்றுகொண்டு முதல் க்வாயை மெல்லாதீர்கள். கீழே போய், உட்கார்ந்து. வேண்டாமென்றால் சிரித்துக் கையெடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பாதி வழியில் நோங்திம்மாய் கிராமத்தில் ஒரு பாதை பக்கவாட்டில் பிரியும். பத்து நிமிட நடையில் ரிதிமென் வேர்ப்பாலம். ஒற்றை அடுக்கு, ஆனால் நீளமானது. கூட்டம் இரட்டைப் பாலத்துக்கே ஓடுவதால் இங்கே நிம்மதியாகப் பார்க்கலாம். இறங்கும்போதே பார்த்துவிடுங்கள், ஏறி வரும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட மனம் வராது.

அதற்கப்புறம் இரண்டு கம்பித் தொங்குபாலங்கள். கீழே பெரிய பாறைகளுக்கு நடுவே ஆறு. ஒரே நேரத்தில் கூட்டமாக ஏறினால் ஒவ்வொருவர் நடையும் ஒவ்வொரு விதமாக ஆட்டி, பாலம் அலைபாயும். ஒருவர் பாதி கடந்த பிறகு அடுத்தவர் ஏறட்டும். உயரப் பயம் உள்ளவர்கள் காலடியைப் பார்க்காமல் எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துச் சின்னச் சின்ன அடியாக, நிறுத்தாமல் நடக்க வேண்டும். நடுவில் நின்றால்தான் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். அடுத்து கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், நோங்கிரியாட். நிதானமாக நடப்பவருக்கு மொத்தம் இரண்டு மணி நேரம்.

பாலத்தைப் படிப்பது

ஊரைத் தாண்டியதும் உம்ஷியாங் ஓடை, அதன்மேல் இரட்டை அடுக்குப் பாலம். உடனே ஏறிவிடாதீர்கள். கரையில் ஐந்து நிமிடம் நின்று முதலில் தாய்மரத்தைத் தேடுங்கள். பாறையின்மேல் உட்கார்ந்து, வேர்களைச் சேலை மடிப்புப்போல் கீழே வழியவிட்டிருக்கும். இரண்டு அடுக்குக்கும் வேர் அங்கிருந்துதான். வெள்ளத்தில் கீழடுக்கு முழுகும் நாட்களுக்காக மேலடுக்கை வளர்த்தார்கள் என்பது ஊரார் சொல்லும் காரணம்.

அடுத்து, பாலத்தின் இரு ஓரத்திலும் தொடை பருமனில் ஓடும் முதன்மை வேர்கள். எடையைத் தாங்குபவை இவை. அவற்றிலிருந்து மணிக்கட்டு, விரல் பருமனில் குறுக்கே போகும் வேர்கள், தொட்டில் கயிறு பின்னலைப்போல் நடைபாதையைத் தூக்கிப் பிடித்திருக்கும். இரண்டு வேர் கூடும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: எது எதன்மேல் ஏறியது என்று கோடு தெரியாது, மெழுகு உருகி ஒட்டியதுபோல் ஒரே பட்டை மூடியிருக்கும். இன்னும் ஒட்டாத இடத்தில் இரண்டுக்கும் நடுவே இலைச்சருகு சிக்கியிருக்கும். கைப்பிடியில் பென்சில் கனத்தில் செம்பழுப்பு நிற முனையோடு தொங்கும் இளவிழுதை யாரோ பழைய வேரில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டிருப்பதையும் காணலாம். இன்னும் பத்து, இருபது வருடத்தில் அது பாலத்தின் ஓர் உறுப்பு. அதைப் பிடித்துத் தொங்கினாலோ, போட்டோவுக்கு மறைக்கிறது என்று ஒடித்தாலோ போனது அந்த இருபது வருடம்.

பாலத்துக்கு வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி இப்போது கூட்டம். ஆயிரம் செருப்பு ஓயாமல் உரசினால் ஆறுவதற்கு முன்பே பட்டை மறுபடி தேய்கிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் போவதில்லை. ஆகவே கற்கள் பதித்த நடுப்பகுதியில் மட்டும் நடங்கள். குதிக்காதீர்கள், கூட்டமாக நிற்காதீர்கள், முக்காலி ஸ்டாண்டைப் பாலத்தில் ஊன்றாதீர்கள். பட்டையில் பெயர் செதுக்கினால் பால் வடியும். அந்தக் காயத்தில் பூஞ்சை நுழையும்.

படம் எடுக்கக் காலை ஆறு முதல் எட்டு. மரக்கூரைக்குக் கீழே வெளிச்சம் மங்கல்தான், ஆனால் ஒரே சீராக இருக்கும். பத்து மணிக்கு மேல் இலைகளின் நடுவே விழும் வெயில் புள்ளி புள்ளியாக வெளுத்துவிடும். இரண்டு அடுக்கும் ஒன்றாக வர, கீழ்ப்புறப் பாறைகளில் நின்று எடுக்க வேண்டும். கறுப்பாக மின்னும் பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். அது ஈரம் இல்லை, வழுவழுப்பான பாசி.

பாலத்தடியில் குளிக்க ஒரு தேக்கம் உண்டு, சின்ன மீன்கள் வந்து காலைக் கடிக்கும். மேலே மலையில் பெய்கிற மழை கீழே தெரியாது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ யோசிக்காமல் கரையேற வேண்டும்.

தங்குபவர்களுக்கு இன்னொன்று: மேலும் ஒன்றரை மணி நேரம் உள்ளே நடந்தால் ரெயின்போ அருவி. பாதை கரடுமுரடு. முதல் நாள் கால் நடுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்றம் பாக்கியிருக்கிறது.

ஏற்றம்

வெயில் ஏறுவதற்குள், காலை ஏழுக்குத் தொடங்குங்கள். பள்ளத்தாக்கில் காற்று அசையாது. புழுக்கம் நம் மே மாதத்தை நினைவூட்டும். பாரமாக இருந்தால் பை சுமக்க ஊரிலேயே ஆள் கிடைக்கும். முந்தைய இரவே பேசிவிடுங்கள்.

முறை எளிது. நூறு படி, ஒரு நிமிடம் நின்றபடி ஓய்வு. மறுபடி நூறு. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் வேகம் அதிகம். பத்து சுற்றுக்கு ஒருமுறை உட்காரலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தசை ஆறினால் எழும்போது பிடித்துக்கொள்ளும். தாகம் எடுப்பதற்கு முன்பே இரண்டு மடக்கு. வெறும் தண்ணீராகவே குடித்து வேர்த்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் சதை பிடிக்கும், அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். பொதுவாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மேலே வந்ததும் நனைந்த சட்டையை முதலில் மாற்றுங்கள், டிர்னாவில் காற்று சில்லென்று அடிக்கும்.

மார்பில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று ஏறக் கூடாது. உட்கார்ந்து, வழியில் வரும் ஊர்க்காரரிடம் சொல்லுங்கள். நோயாளிகளைச் சுமந்து ஏற்றிப் பழகியவர்கள் அவர்கள்.

இதய நோய், முழங்கால் தேய்மானம், கர்ப்பம் இருப்பவர்கள், சின்னக் குழந்தையோடு வருபவர்கள் இந்தப் படிகளை நினைக்கவே வேண்டாம். மாவ்லின்னோங் கிராமத்தை ஒட்டிய ரிவாயில் ஒரு ஒற்றை வேர்ப்பாலம் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நேரப் படிதான். கூட்டம் அதிகம், ஆனால் வேர் அதே வேர். பைன்உர்ஸ்லாவுக்குப் பக்கத்து ரங்தில்லியாங்கில் 50 மீட்டரையும் தாண்டி நீளும் பாலம் ஒன்று உண்டு. அங்கேயும் இறக்கம் இருக்கிறது, நோங்கிரியாட் அளவுக்கு இல்லை.

ஏறிய அன்றே குவாஹாட்டியில் விமானம் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். சோஹ்ராவிலிருந்து 150 கிலோமீட்டர், ஷில்லாங் நெரிசலையும் கடக்க வேண்டும். ஒருநாள் இடைவெளி விட்டால் அது ஷில்லாங்கில் கழியும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து கீழே இறங்குவதே ஒரு வேலையாக இருக்கும். அறை எடுக்கும்போது தரைத்தளமாகக் கேட்டு வாங்குங்கள்.